காய்ந்த செடி பதினான்கு கட்டு

கண் அறுவை முடிந்து, மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் சொட்டு மருந்தும் கஞ்சியுமாகக் கிடந்துவிட்டு மலைக்குத் திரும்பினாள் ஹட்சுமி. அவளுடைய புதுக் கண் முதன்முதலாகக் காட்டிய காட்சி இதுதான்: தோட்டத்தைக் காணோம்.

வீடு இருந்தது. மரச்சுவரும் தகரக் கூரையும் போட்டுவிட்டுப் போனபடியே இருந்தன. சுற்றி நின்ற லார்ச் மரங்களும் இருந்தன. அணில் ஒன்று வழக்கம்போல் அவளைப் பார்த்ததும் மரத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டு, இந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டியது. வாசலுக்கு முன்னால் இடுப்பளவு வளர்ந்து நிற்க வேண்டிய ஹியோதோரிச் செடிகள் மட்டும் இல்லை. பத்தடி அகலத்துக்கு, முப்பதடி நீளத்துக்கு, மொட்டையடித்த தலை மாதிரி மழமழவென்று தரை கிடந்தது.

வெட்டியவர் ஏனோதானோ ஆளில்லை. ஓரங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. மான் மேய்ந்துவிடாமல் இருக்கக் கட்டியிருந்த வலை அழகாகச் சுருட்டப்பட்டு, அதன் கழிகள் உயர வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. வெட்டிய செடிகளைத் தூக்கி எறியவும் அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. வைக்கோல் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டின் பின்புறம், விறகு அடுக்கியிருக்கும் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எண்ணிப் பார்த்தாள், பதினான்கு கட்டு. ஒவ்வொன்றிலும் கடுகு கடுகாக மொட்டுகள் வாடித் தலைகுனிந்திருந்தன. அதைப் பார்த்த பிறகு அவள் வீட்டின் பின்புறமே போவதில்லை என்று முடிவு செய்தாள். விறகு தேவைப்படும் காலமும் அது இல்லை.

வாசற்படியில் ஒரு கல். கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு. "உங்கள் ஜாம் மிகவும் சுவையாக இருந்தது. ஒரு சிறிய கைம்மாறு. ஒகுமுரா."

ஜாமா! ஹட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதில் தன் பங்கும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் கொடுமை. ஒகுமுரா போன வருடம் வசந்தத்தில் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர். வயது எழுபத்துநாலு. மனைவி இல்லை. மலை ரயில்பாதையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் புல் வளராமல் பார்த்துக்கொள்வதும், பாதை வேலை நடக்கும்போது கொடி காட்டி ரயிலை நிறுத்துவதும்தான் அவர் வேலை. புல்லைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. வந்த முதல் மாதமே ஹட்சுமி வீட்டுக்கு முன்னால் சாலையோரப் புல்லை வெட்டிக் கொடுத்தார். அது வெறும் புல்தான், நல்ல காரியம்தான். அவள் பெரிய பீச் பழம் ஆறு கொண்டுபோய்க் கொடுத்தாள். பழத்தைச் சும்மா வாங்கித் தின்பவரா அவர்? கைம்மாறாக அவள் கார் நிறுத்தும் இடத்துப் புல்லை வெட்டினார். அவள் ஊறுகாய் கொடுத்தாள். அவர் கிணற்றடியை வெட்டினார். அங்கே நின்ற மணிப்பூச் செடி நாலும் போயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கொடுத்ததற்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மனுஷியா என்று, காட்டு ஸ்ட்ராபெரி ஜாம் இரண்டு பாட்டில் கொடுத்தாள். அந்த இரண்டு பாட்டில் ஜாம்தான் இப்போது பதினான்கு கட்டாகத் தாழ்வாரத்தில் தொங்கியது.

"வெட்டாதீங்க" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். இந்த மலையில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வாயில் வராது. உதவி செய்தவரின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதைவிட, ஒரு தோட்டத்தை இழப்பது அவர்களுக்குச் சுலபம்.

இழந்தது வெறும் தோட்டமென்றால் ஹட்சுமி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அவள் கணவர் தெட்சுரோ வீட்டுக்கு வருகிறார். காலை பத்து மணிக்கு வந்து மாலை நாலு மணிக்குத் திரும்ப வேண்டும். போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, அடிவாரத்து ஊரில் முதியோர் பராமரிப்பு விடுதியில் இருக்கிறார். போன கோடை முழுவதும் மருத்துவமனையில் கழிந்தது. இந்த வருடம்தான் டாக்டர் ஒருநாள் அனுமதி கொடுத்தார். அடுத்த வருடம் பற்றிக் கேட்டபோது டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

தெட்சுரோ வருவது வீட்டைப் பார்க்க இல்லை. ஹட்சுமியைப் பார்க்கவும் இல்லை, அவளைத்தான் வாரம் இரண்டு முறை பார்க்கிறாரே. அவர் வருவது அசாகி பார்க்க.

அசாகி என்பது உள்ளங்கை அகலப் பட்டாம்பூச்சி. இறக்கையின் நடுவில் வெளிர்நீலம், கண்ணாடித்தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவும். கோடையில் இந்த மலைக்கு வரும். இலையுதிர்காலத்தில் கடலைத் தாண்டித் தெற்குத் தீவுகளுக்குப் போகும். அந்த மெல்லிய நீலத்தில் பேனாவால் எழுதலாம்: ஊருக்கு ஓர் எழுத்து, தேதி, பிடித்தவர் பெயருக்கு ஓர் எழுத்து. எழுதி விட்டுவிட்டால், எங்கோ ஒரு தீவில் இன்னொரு பைத்தியம் அதைப் பிடித்துப் படித்துக் கடிதம் போடும். பதினோரு வருடமாக ஹட்சுமி வலை வீசிப் பிடிப்பாள், தெட்சுரோ எழுதுவார். நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் படிவம் நிரப்பிய கை, எறும்பு அளவு எழுத்தைக்கூடக் குண்டு குண்டாக எழுதும். ஹியோதோரிப் பூ எங்கே இருக்கிறதோ அங்கேதான் அசாகி வரும். அதனால்தான் அந்தச் செடிகளுக்கு மான் வலை, அதனால்தான் அவற்றுக்கு அத்தனை உபசாரம்.

"வந்துடுச்சா?" விடுதியில் ஒவ்வொரு முறையும் தெட்சுரோவின் முதல் கேள்வி இதுதான்.

"இன்னும் இல்லைங்க. ஆகஸ்ட்லதானே வரும்."

"மொட்டு?"

"வச்சிருக்கு." ஜூலை முழுவதும் ஹட்சுமி இந்தப் பொய்யைச் சொன்னாள்.

மலைக்குத் திரும்பிய மறுநாளே அவள் கீழ்வீட்டுக்குப் போனாள். திட்டத்தான் போனாள். வழி முழுவதும் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். கழுத்தில் எப்போதும் கிடக்கும் வெள்ளைத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் குடும்பப் பெயரை மரியாதையோடு சொல்லி அழைத்தபடி ஒகுமுரா வாசலுக்கு ஓடிவந்தார்.

"மினோவாசான்! கண்ணு எப்படி இருக்கு? நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. ரொம்ப நல்லாத் தெரியுது."

"தோட்டம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

ஒகுமுரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் தாளை நீட்டிவிட்டு நிற்கும் முகம் அது.

"ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்க" என்றாள்.

"அட, என்ன சிரமம்! ரெண்டே நாள். அந்த உசரமான களை இருக்கே, அது கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. வேரோட பிடுங்கிடலாம்னு பார்த்தேன், இடுப்பு ஒத்துக்கல."

அந்த இடுப்புக்கு ஹட்சுமி மனதுக்குள் நன்றி சொன்னாள். வெளியே, கையில் இருந்த முலாம்பழத்தை நீட்டினாள். ஆமாம், போகும்போதே வாங்கிக்கொண்டுதான் போயிருந்தாள். வெறுங்கையோடு திட்டப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

திரும்பி வந்து தனியாளாக மான் வலையை மறுபடி கட்டினாள். வெட்டுப்பட்ட அடித்தண்டுகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். பத்து நாளில் கணுவுக்குக் கணு இளஞ்சிவப்பாகத் துளிர் விட்டது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் துளிருக்கு நாட்காட்டி தெரியாது. ஆகஸ்ட் பத்தாம் தேதி முழங்கால் உயரம்தான் வந்திருந்தது, மொட்டு ஒன்றுகூட இல்லை. நாற்றுப் பண்ணைக்குப் போய் விசாரித்தாள். தோட்டத்து வகை இருக்கிறதாம், செப்டம்பர் கடைசியில் பூக்குமாம். உச்சியில் பனிச்சறுக்கு மேட்டில் காட்டுச் செடி பூத்துக் கிடக்கிறது, ஆனால் அங்கே சக்கர நாற்காலி போகாது. வேறு வழி எதுவும் அவள் அறிவுக்கு எட்டவில்லை.

பதினொன்றாம் தேதி காலை ஒகுமுரா எட்டு மணிக்கே வந்துவிட்டார். முலாம்பழத்துக்குக் கைம்மாறு. சக்கர நாற்காலி புல்லில் புதையாமல் இருக்க, சாலையிலிருந்து தோட்டத்து மான் வலை வரைக்கும் பலகை போட்டுத் தருகிறாராம். மட்டம் பார்த்து, அடியில் கல் கொடுத்து, ஒவ்வொரு பலகையையும் மிதித்துச் சோதித்து, இருபது பலகை போட்டார். ஹட்சுமி வெட்கப்பட்டாள். இந்த ஆளை ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூடத் திட்டிக்கொண்டிருக்கிறோமே என்றிருந்தது.

பத்து மணிக்கு விடுதி வண்டி வந்தது. பணிப்பெண் நாற்காலியை இறக்கி ஹட்சுமியிடம் ஒப்படைத்துவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தெட்சுரோவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வாசலுக்கு வந்த எல்லோருக்கும் குனிந்து குனிந்து முதுகே வளைந்துபோன மனிதர் அவர். கெட்ட செய்தியைக்கூட மூன்று மன்னிப்புக்கு நடுவில் வைத்துத்தான் சொல்வார். பக்கவாதம் கையையும் காலையும் எடுத்துக்கொண்டதோடு அந்த மரியாதையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது மனதில் வருவது அப்படியே வாயில் வருகிறது. விடுதி இயக்குநரிடம், டோப்பா கோணலாக இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கோணலாகத்தான் இருந்தது.

பலகை வழியே நாற்காலி தோட்டத்து வலையோரம் வந்தது. தெட்சுரோ இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"எங்கே?"

"இந்த வருஷம் கொஞ்சம் தாமதம்ங்க. மழை சரியில்லை..."

"வெட்டியிருக்கு." வார்த்தை கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. "எவன் வெட்டினான்?"

பலகையின் கடைசியில் நின்ற ஒகுமுரா மகிழ்ச்சியோடு முன்னால் வந்து குனிந்து வணங்கினார். "நான்தாங்க! கீழ்வீட்டு ஒகுமுரா. நீங்க இல்லாத நேரத்துல அம்மாவுக்குச் சிரமமா இருக்குமேன்னு..."

"மடையா" என்றார் தெட்சுரோ.

ஒரு குயில் எங்கோ கூவிக்கொண்டிருந்தது, அதுவும் அந்த நேரம் பார்த்து நிறுத்தியது.

"அது அசாகி வர்ற செடி. பதினோரு வருஷச் செடி. அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்."

ஒகுமுராவின் சிரிப்பு அப்படியே நின்றது, முகத்திலிருந்து இறங்க அதற்கு வழி தெரியவில்லை. மெதுவாக ஹட்சுமியின் பக்கம் திரும்பினார். "மினோவாசான்... நெசமாவா?"

"இல்லை இல்லை, அதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லை, நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க..."

"பொய் சொல்றா" என்றார் தெட்சுரோ. "காதைப் பாரு. பொய் சொன்னா அவளுக்குக் காது சிவக்கும். நாப்பது வருஷமா பார்க்கறேன்."

ஹட்சுமி இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். மூடிய பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. அவள் தலையை மட்டும் அசைத்தாள், ஆமாம் என்று. ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன அசைவில் வெளியே வந்துவிட்டது.

ஒகுமுரா தான் மழித்த புல்தரையில் முழந்தாளிட்டார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றியை மண்ணில் வைத்தார். "என்ன காரியம் பண்ணிட்டேன். என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று அந்த மண்ணிடமே சொன்னார். பதைத்துப்போய் ஹட்சுமியும் எதிரே முழந்தாளிட்டு, "எந்திரிங்க ஒகுமுராசான், சொல்லாதது என் தப்புதான்" என்றாள். இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் நாலு மணி ஆகியிருக்கும்.

"எந்திரி" என்றார் தெட்சுரோ. "கும்பிட்டா பூ முளைக்குமா? கழுத்துல என்ன, துண்டா? வெள்ளையா?"

"ஆ... ஆமாங்க."

"சுத்து."

"என்னங்க?"

"தலைக்கு மேல சுத்து. வெள்ளைத் துண்டைச் சுத்தினா அசாகி இறங்கும். ஏன்னு கேக்காதே, எனக்கும் தெரியாது. சுத்து."

இது உண்மைதான். அசாகி பிடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கவலையில் ஹட்சுமி அதையே மறந்துபோயிருந்தாள்.

ஒகுமுரா ஏன் என்று கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் உத்தரவுக்குக் கொடி காட்டியவர். எழுந்து, காலை அகட்டி நின்று, துண்டைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தார். வீச்சு ஒவ்வொன்றும் ஒரே அளவு. தெட்சுரோ கழுத்தை அண்ணாந்து லார்ச் மர உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. எழுபத்துநாலு வயதுத் தோள் கெஞ்சியது, கை மாற்றிச் சுற்றினார்.

"போதும், உட்காருங்க" என்றாள் ஹட்சுமி.

"வண்டி வர்ற வரைக்கும் கொடியை இறக்கக் கூடாதுங்க" என்றார் ஒகுமுரா, மூச்சு வாங்க.

பதினொன்றே கால் இருக்கும். மர உச்சிக்கு மேலே ஒன்று தெரிந்தது. இறக்கையை அடிக்காமல், காற்றில் சும்மா படுத்துக்கொண்டு வரும் அந்தப் பறத்தல் வேறு எதற்கும் கிடையாது. ஹட்சுமியின் புதுக் கண்ணுக்கு அந்த நீலம் அத்தனை உயரத்திலும் தெரிந்தது. அது இறங்கியது. துண்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றியது. தெட்சுரோவின் இடது கை நாற்காலிப் பிடியிலிருந்து தானாக உயர்ந்தது. அசாகி முழங்கால் உயரத் துளிர்களின் மேல் ஒருமுறை தாழப் பறந்தது. உட்கார அங்கே ஒரு பூவும் இல்லை. மேலே ஏறி, கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

தெட்சுரோ கையை மடியில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஹட்சுமிக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

இரண்டாவதும் அப்படியே வந்தது, அப்படியே கூரையைத் தாண்டியது. மதியம் ஹட்சுமி குளிர்ந்த நூடுல்ஸ் எடுத்துவந்து கணவருக்கு ஊட்டினாள். ஒகுமுரா ஒரு கையால் அரிசி உருண்டையைத் தின்றுகொண்டே மறு கையால் சுற்றினார். மூன்றாவது வந்தபோது ஹட்சுமிக்கு ஒரு விஷயம் உறைத்தது. மூன்றும் காட்டுப்பக்கம் போகவில்லை. மூன்றும் கூரையைத் தாண்டி ஒரே இடத்துக்குத்தான் போயின.

அவள் நூடுல்ஸ் கிண்ணத்தை நாற்காலியில் கணவர் மடியிலேயே வைத்துவிட்டு, ஒரு மாதமாகக் கால் வைக்காத வீட்டின் பின்புறத்துக்கு ஓடினாள்.

தாழ்வாரத்தில் பதினான்கு கட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நன்றாகக் காய்ந்து பழுப்பேறி, பழைய தேயிலை வாசனை அடித்தது. அவற்றின் மேல் அசாகிகள். முதலில் ஏழு தெரிந்தன. பிறகு பன்னிரண்டு. எண்ண எண்ண இன்னும் தெரிந்தன. காய்ந்த தண்டில், வாடிய மொட்டில், வைக்கோல் கயிற்றின் முடிச்சில்கூட ஒன்று. எல்லாம் நீளக் குழாய் நாக்கை நீட்டிச் செடியை நக்கிக்கொண்டிருந்தன. காய்ந்த ஹியோதோரிக்கும் அவை வரும் என்று எப்போதோ தெட்சுரோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எத்தனை நாளாக இங்கே இருக்கின்றனவோ! அணில் எப்போது தும்முகிறது என்றுகூட நாட்காட்டியில் குறித்து வைக்கிறவள், கோபத்தில் தன் வீட்டின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஒகுமுராசான்!" என்று கத்தினாள். இந்த மலையில் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. "பலகை! பலகையை இந்தப் பக்கம் போடுங்க!"

போட இருந்தது இருபது பலகைதான். வீட்டைச் சுற்றிப் பின்புறம் போக அது பத்தாது. ஒகுமுரா நாற்காலிக்குப் பின்னால் கிடந்த பலகையைப் பிடுங்குவார், முன்னால் ஓடிப் போடுவார், மிதித்துப் பார்ப்பார். ஹட்சுமி நாற்காலியை ஒரு பலகை தூரம் தள்ளுவாள். மறுபடி பின்னாலிருந்து பிடுங்குவார்.

"அவசரத்துல மட்டம் சரியில்லைங்க, மன்னிக்கணும்" என்றார் ஒகுமுரா.

"பேசாம போடு" என்றார் தெட்சுரோ.

மூலை திரும்பி, தாழ்வாரம் கண்ணில் பட்டதும், தெட்சுரோ இடது கையைத் தூக்கி நாற்காலியை நிறுத்தச் சொன்னார். வெயில் சாய்வாக விழுந்து அத்தனை இறக்கைகளிலும் நீலம் எரிந்தது. விழாமல் இருந்த பாதி முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது. கண்ணீர் இரண்டு கண்ணிலிருந்தும் வந்தது.

"எல்லாம் ஆம்பளை" என்றார் கடைசியில். "இதை நக்க ஆம்பளைங்கதான் வரும்." பிறகு கட்டுகளைக் கூர்ந்து பார்த்தார். "கட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றார் ஒகுமுரா, அடுத்த திட்டுக்குத் தயாராகக் குனிந்தபடி.

"நல்லாக் கட்டியிருக்கே."

ஒகுமுரா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேர்வையைத் துடைப்பது போல வெகு நேரம் துடைத்தார்.

வலையே தேவைப்படவில்லை. ஹட்சுமி சொல்லிக் கொடுத்தபடி, ஒகுமுரா இரண்டு விரலால் ஒன்றை இறக்கை மடங்கிய இடத்தில் பூப்போலப் பிடித்து எடுத்தார். ஹட்சுமி அலமாரியிலிருந்து பேனாவை எடுத்துவந்து கணவரின் இடது கையில் வைத்தாள். ஊர் எழுத்துக்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. தேதி, கோழி கிளறியது போல வந்தது. பட்டாம்பூச்சி பொறுமையாக இருந்தது.

"பிடிச்சவன் பேரு?" என்றார் தெட்சுரோ.

ஹட்சுமி தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். பதினோரு வருடப் பழக்கம்.

"இவன்தானே பிடிச்சான்" என்று தானே பதிலும் சொல்லி, தெட்சுரோ ஒகுமுராவின் முதல் எழுத்தைக் கோணல்மாணலாக எழுதினார். செடியை வெட்டியவரின் பெயரோடு அது கூரைக்கு மேலே போயிற்று.

அன்று ஒன்பது எழுதினார்கள். நாலு மணிக்கு வண்டி வந்தது. நாற்காலியை ஏற்றும்போது தெட்சுரோ பேனாவைக் கொடுக்கவில்லை, பணிப்பெண் மெல்ல விரல் பிரித்து வாங்கி ஹட்சுமியிடம் தந்தாள்.

"அடுத்த வருஷம் நான் வரலைன்னா" என்றார் தெட்சுரோ, வானிலை சொல்வது போல, "இவனை எழுதச் சொல்லு. மடையன்தான், ஆனா கை நேரா இருக்கு."

ஹட்சுமி அவர் போர்வையைச் சரிசெய்தாள். செய்ய வேண்டிய அளவுக்கு அது கலையவில்லை.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஒகுமுரா இடுப்பு மடியக் குனிந்தார். "இந்தத் தப்புக்கு என்ன ஈடு பண்றதுன்னே தெரியல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது..."

"வேண்டாம்" என்றாள் ஹட்சுமி.

வாயிலிருந்து அது வந்ததும் அவளே திடுக்கிட்டாள். காதைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. வந்தது வந்துவிட்டது என்று மீதியையும் சொன்னாள். "எதுவும் கொண்டு வராதீங்க. எதையும் வெட்டாதீங்க. வெறுங்கையோட வாங்க. என்ன செடி என்னன்னு நான் காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒகுமுரா வந்தார். சொன்னபடி வெறுங்கைதான். அந்த இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், துண்டைப் பிடித்துக்கொண்டார். ஹட்சுமி அவரை மான் வலைக்குள் அழைத்துப் போய், முழங்காலைத் தாண்டியிருந்த துளிர்களைக் காட்டினாள். நுனியில் கடுகு அளவு மொட்டு கட்டியிருந்தது. ஒகுமுரா குந்தி உட்கார்ந்து, தொடாமல், வெகு நேரம் பார்த்தார்.

பின்புறம் போனார்கள். கட்டுகளில் இன்னும் ஆறேழு அசாகி இருந்தன. ஹட்சுமி பேனாவை அவரிடம் நீட்டினாள், கைகளுக்கு ஒரு வேலை கிடைத்த நிம்மதியில் அவர் உடனே வாங்கிக்கொண்டார். ஒன்றைப் பிடித்தார். ஊர் எழுத்து, தேதி, இரண்டும் குண்டு குண்டாக, வரிசை பிசகாமல் விழுந்தன. பிடித்தவர் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு எழுதினார். பிறகு இரண்டு விரலையும் திறந்தார்.

அது கிளம்பும் முன் ஒரு நொடி விரல் நுனியில் உட்கார்ந்தது. ஹட்சுமியின் புதுக் கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தெட்சுரோவின் முதல் எழுத்து.

"பிடிச்சது நீங்கதானே" என்றாள்.

"அவர் என் பேரை எழுதினாருங்க" என்றார் ஒகுமுரா. "திருப்பி நான் எழுத வேண்டாமா?"

இந்த ஒரு கைம்மாறை ஹட்சுமி தடுக்கவில்லை. அசாகி கூரையைத் தாண்டி, தெற்கே திரும்பும் வரைக்கும் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.